மூன்று குழாய்களும் ஒரு ஐஸ் தட்டும்

குளிர்பெட்டியில் உள்ள இரத்த மாதிரிக் குழாய்களை எண்ணுவது என் வேலை. கணக்குச் சரியாக இருக்கும்வரை நம்மை யாரும் தேடமாட்டார்கள் என்பது இதுபோன்ற வேலை பார்க்கும் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

பச்சை மூடி, சிவப்பு மூடி

மெல்பேர்னில் ஒரு வைரஸ் ஆய்வுகூடம். குரங்குகளிடம் இருக்கும் ரெட்ரோவைரஸ்களுக்கு உறவான ஒன்று மனிதரிடமும் இருக்கிறதா என்று தேடுகிறார்கள். அது உடலுக்குள் புகுந்தால் நம் மரபணுவுக்குள்ளேயே குடியேறிவிடுமாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு விளங்கியது அவ்வளவுதான். பச்சை மூடி குரங்கின் இரத்தம், சிவப்பு மூடி மனிதருடையது. இரண்டும் ஒரே நாளிலோ ஒரே தட்டிலோ மேல்மாடிச் சோதனைக்கூடத்துக்குப் போகக்கூடாது. ஒன்றின் துளி மற்றதில் பட்டால் சோதனை பிழைத்துவிடும். எது எப்போது போனது என்று பதினொரு வருடமாக ஒரு கொப்பியில் எழுதி வருகிறேன்.

பொயிண்ட் குக் புறநகரிலிருந்து வரும் ஆராய்ச்சியாளர் காவேரி, அந்தக் கொப்பியைப் பார்த்த முதல் நாளே சிரித்தார். “எல்லாமே கம்ப்யூட்டர்ல இருக்கு அங்கிள். இது என்ன, ஸ்டாம்ப் கலெக்‌ஷனா?”

பெருவிரல்

பீட்டர் மிருகக்காட்சிசாலையில் குரங்குகளைப் பராமரித்து ஓய்வுபெற்றவர். ஆய்வுக்காக மூன்று குழாய் இரத்தம் கொடுத்தார். வெளியே போகும்போது பெருவிரலிலிருந்த தழும்பை எனக்குக் காட்டினார். டெய்சி என்ற குரங்கு கடித்ததாம். “முப்பது வருடம் அவளுக்கு வாழைப்பழம் கொடுத்தேன். அவள் எனக்குக் கொடுத்தது இது ஒன்றுதான்.”

கண்டுபிடிப்பு

ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது ஐஸ் தட்டு கழுவப் போயிருந்தது. என் முழங்காலும் அன்று சரியில்லை. பீட்டரின் ஒரு குழாயையும் நான்கு பச்சைக் குழாய்களையும் ஒரே தட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவசரத்தில் காவேரியும் அவற்றை ஒரே மேசையில் திறந்தார்.

மூன்று கிழமை கழித்துக் காவேரி படியிறங்கி ஓடி வந்தார். கொப்பியில் அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு நேரே ஒரு சிவப்பு, நான்கு பச்சை என்று என் கையெழுத்து. அதை மூடிவிட்டேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “மனுஷங்ககிட்ட இதுவரைக்கும் யாருமே பார்க்காத வைரஸ் அங்கிள்! பீட்டர்கிட்ட இருக்கு!”

கதிரை நுனி

பீட்டர் ஒரு படிவத்தில் கையெழுத்திட வந்தார். இரத்தத்தில் ஏதோ வைரஸ் தெரிகிறது, இன்னும் உறுதியில்லை என்றுதான் காவேரி அவரிடம் சொல்லியிருந்தார். மனிதர் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கிறீர்கள் என்று மரியாதைக்குக் கேட்டேன். “மகளுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பது நாள். நான் இன்னும் தூக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கிறேன்.”

விரித்து வைத்த கொப்பி

ஒன்பது என்ற எண் என்னை விடவில்லை. மறுநாள் காலை கொப்பியைக் காவேரியின் மேசையில் விரித்தேன். “பிள்ளை, ரெண்டையும் ஒரே தட்டிலை தந்தது நான்தான். பீட்டரின்ரை மற்ற ரெண்டு குழாயும் இன்னும் திறக்கேல்லை. காலமையும் எண்ணினனான்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. புது வைரஸைப் பற்றிய கட்டுரையை எழுதி முடித்திருந்தார். கொப்பியின் அந்த வரியைப் படித்துவிட்டுக் கையுறையை மாட்டினார். அந்த இரண்டு குழாய்களும் தனி நாளில், தனித் தட்டில் போயின. இரண்டிலும் வைரஸ் இல்லை. முதலில் தெரிந்தது குரங்கின் வைரஸ், பச்சைக் குழாயிலிருந்து தெறித்தது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கைபேசியை எடுத்தார். “ஸ்டாம்ப் கலெக்‌ஷனை போட்டோ எடுத்துக்கறேன் அங்கிள், ஒரு பக்கம் விடாம.”

இரண்டு கை

வைரஸ் இல்லை என்று பீட்டருக்குக் காவேரி தொலைபேசியில் சொன்னபோது பக்கத்தில் நின்றேன். தவறு யாருடையது என்பதையும் சொல்லும்படி கேட்டிருந்தேன். அதற்கு இடமே கிடைக்கவில்லை. மறுமுனையில் குழந்தை அழுதது. “பிறகு பேசுகிறேன், இப்போது எனக்கு இரண்டு கையும் வேண்டும்” என்றார் பீட்டர்.

புது வைரஸைக் கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் எங்கள் ஆய்வுகூடம் இல்லை, ஆனால் இல்லாததைக் கண்டுபிடிக்காமல் விட்டவர்களுக்கு ஒரு பட்டியல் போட்டால் எங்களில் இரண்டு பேரைச் சேர்க்கலாம், எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன்.