தம்புரான் படத்துக்கு அர்த்தநாரி ஆள் பிடித்த கதை

என் வீட்டுக்காரர் அர்த்தநாரிக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வாயால் சொல்ல வராது, அவ்வளவுதான். கையில் பிரஷ்ஷைக் கொடுத்துப் பாருங்கள், புளுகித் தள்ளிவிடுவார்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் லாரிக்கும் மாட்டு வண்டிக்கும் கடைப் பலகைக்கும் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். எழுபத்திரண்டில் எங்கள் சவாரி வண்டிக்கு வர்ணம் பூச வந்தார். வந்தவர் வந்த வேலையைப் பார்த்தாரா? பின்பலகையில் ஒரு கிளியை வரைந்து, அதற்கு என்னுடைய எட்டுக்கல் மூக்குத்தியை மாட்டிவிட்டார். என் அப்பா காளிச்சாமி பொள்ளாச்சிச் சந்தையில் பேர்போன மாட்டுத் தரகர். பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டுக்கு வயது சொல்கிற மனுஷர் கண்ணுக்கு மூக்குத்தி தப்புமா?

"கிளிக்கு எதுக்குடா மூக்குத்தி?"

"பொட்டைக் கிளிங்க மாமா."

"எவண்டா உனக்கு மாமா?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அன்றைக்கே விழுந்தேன், மறைப்பானேன்?

மறு வருஷம் விஷயம் அப்பா காதுக்குப் போய்விட்டது. உடனே மீனாட்சிபுரத்து அரிசி மில்காரர் மகனை எனக்குப் பேசக் கிளம்பினார். அவனை நான் பார்த்திருக்கிறேன். தவிட்டு மூட்டை தேவலாம். இவருக்குச் சொல்லியனுப்பினேன். இவர் நேரே டீக்கடைக்குப் போய், பத்துப் பேர் முன்னால் அப்பாவிடம் பெண் கேட்டுவிட்டார்.

அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பெயிண்டு டப்பா தூக்கறவனுக்கு எம்பட புள்ளயா? போடா போ. பொங்கலுக்குள்ள நீ வரைஞ்ச படத்தை அரமனைத் தம்புரான் அவரு கூடத்துல மாட்டட்டும். அப்பத் தர்றேன்."

கேலிக்குச் சொன்னதுதான். ஆனால் தரகர் வாயிலிருந்து வந்த வார்த்தையைத் திரும்ப எடுத்தால் மறுவாரம் அவரை நம்பி ஒருத்தனும் மாடு பிடிக்க மாட்டான். அது அவருக்கும் தெரியும், டீக்கடைக்கும் தெரியும்.

ஊருக்கு மேற்கே இருந்தது அந்த அரண்மனை. நிலச் சட்டம் வந்து வயலெல்லாம் குடியானவர்கள் பேருக்குப் போன பிறகு, தம்புரானுக்கு ஒழுகுகிற கூரையும் இரண்டு பசுவும் ஒரு காரியஸ்தனும்தான் மிச்சம். கெத்து மட்டும் குறையவில்லை. இவர் போய்ப் படம் வரையட்டுமா என்றதும் உடனே சம்மதித்தார். "ராஜாவாட்டம் இருக்கணும் கேட்டோ," என்று கட்டளையும் போட்டார். ஆளோ முருங்கைக்காய். இவர் நாலு நாள் உட்காரவைத்துக் கோடு போட்டுப் பார்த்தார். விலா எலும்புதான் வந்தது.

"நாச்சு, நான் ராஜாவையே பாத்ததில்லையே. எங்க போயிப் பாப்பேன்?" என்று வாய்க்கால் மேட்டில் வந்து புலம்பினார்.

"வியாழக்கெழமை சந்தைக்குப் போயி எங்கப்பனைப் பாருங்க," என்றேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. விலை பேசும்போது அப்பாவைப் பார்க்க வேண்டும். வாங்குகிறவன் கையைத் துண்டுக்கு அடியில் பிடித்து, விரலாலேயே விலை பேசுவார். யாருக்கும் ஒன்றும் தெரியாது. வெளியே முகத்தில் ஓர் அசைவு இருக்காது. நெஞ்சு நிமிர்ந்திருக்கும், மீசை துடிக்காது, சுற்றி நிற்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இவர் ஆறு வியாழக்கிழமை புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து அதை வரைந்தார்.

மார்கழிக் கடைசியில் படம் திறந்தார்கள். ஊரே போயிற்று. அப்பாவும் வந்தார். முப்பது வருஷமாக அந்த அரண்மனைக்கு மாடு பிடித்துக் கொடுத்தவர், தொழுவத்தைத் தாண்டி ஓரடி வைத்ததில்லை, வைக்க விட்டதில்லை. அன்றைக்குத்தான் எங்களையெல்லாம் கூடத்துக்குள் விட்டார்கள்.

திரை விலகியது. சிம்மாசனம், கிரீடம், தம்புரானின் காசுமாலை, தம்புரானின் நீள மூக்கு. மற்றதெல்லாம் காளிச்சாமி! அதே நெஞ்சு, அதே மீசை, அதே அசையாத பார்வை. போதாததற்கு வலது கை பட்டுச் சால்வைக்கு அடியில் இருந்தது. பாவி மனுஷர், அதையுமா அப்படியே வரைவார்?

பக்கத்துத் தோட்டத்துக் குப்பண்ணன் எனக்குப் பின்னாலிருந்து, "ஏனுங்க, தம்புரான் எந்த மாட்டுக்கு வெலை பேசறாருங்க?" என்றார். கூடத்தில் இருந்த குடியானவர்கள் அத்தனை பேரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

தம்புரான் மட்டும் படத்தை மேலும் கீழும் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது. "இது ஞான் தன்னே," நானேதான் என்றார். பிறகு என்ன தோன்றியதோ, அப்பா பக்கம் திரும்பி, நீயே சொல்லு என்று கேட்டார். "காளிச்சாமி, நீ பற. இது ஞான் தன்னேயல்லே?"

இல்லை என்று ஒரு வார்த்தை. படம் கீழே இறங்கிவிடும், நான் அரிசி மில்லுக்குப் போய்விடுவேன். இவர் என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பழைய தம்புரான்களின் படங்களுக்கு நடுவில் கிரீடத்தோடு உட்கார்ந்திருந்த தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துக் காரியஸ்தன் படத்துக்கு முன்னால் வந்து குனிந்து ஒரு கும்பிடு போட்டான். முப்பது வருஷமாக அப்பாவைத் தொழுவத்திலேயே நிறுத்திவைத்த அதே காரியஸ்தன்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "தம்புரானேதானுங்க. அச்சு அசல். இனி எந்தக் காலத்துலயும் இதை அந்தச் செவுத்துல இருந்து எறக்கிப் போடாதீங்க."

இவரும் எங்கள் பின்னாலேயே வீடு வரை வந்தார். படியேறும்போது அப்பா இவரைப் பார்த்து, "தை பதினாறு. உங்கூட்டுல சொல்லீரு," என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

பத்திரிகை அச்சாகி வந்த அன்று அப்பா சலவை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார்.

"அரமனைக்குப் போயிப் பத்திரிகை வெச்சுட்டு வந்தர்றேன் அம்மிணி."

"தம்புரான் கோயமுத்தூர் போயிட்டாராமுங்க அப்பா. வர்றதுக்கு ரெண்டு நாளாகுமாம்."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, படத்தில் இருந்த அதே மீசையைத் தடவிக்கொண்டே அப்பா கிளம்பினார்.