என் பெயருக்குப் பின்னால்

என் மகள் கனடாவில் பிரெஞ்சு பேசுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகியும் அவள் பெயரோடு அவள் அப்பா பெயரே ஒட்டிக்கொண்டிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. இருவரும் நெய்வேலிக்கு என்னைப் பார்க்க வந்த அன்றே, "ஏன்டி, அவர் பேரைக் கொடுக்க அவருக்கு மனசு வரலையா?" என்று சண்டை பிடித்தேன்.

மாப்பிள்ளை தன் வம்சப் படத்தை மேசையில் விரித்தார். பத்துத் தலைமுறை. "பாரும்மா, இவங்க ஊர்ல பொண்ணுங்க பேரை மாத்தக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. பழைய சர்ச் பதிவுலகூட எல்லாம் பொறந்த வீட்டுப் பேருதான். அதை வெச்சுத்தான் இத்தனை பேரைத் தேடிப் பிடிச்சிருக்கார்," என்றாள் மகள்.

மகள் பெயருக்கு மேலே என் பெயரை எழுதிவிட்டு அவர் நிமிர்ந்தார். "உன் அப்பா பேரு கேக்கறார்," என்றாள் மகள்.

கல்யாணத்தோடு நான் விட்டுவிட்ட இனிஷியல் அது. "முருகேசன்" என்றேன்.

அப்பா சுரங்கத்தில் கடைசிவரை கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ், வாசலில் பெயர்ப்பலகை. சின்ன வயதில் சைக்கிளில் என்னை உட்காரவைத்து, பிளாக் பிளாக்காக அந்தப் பலகைகளை வாசிக்கச் சொல்வார்.

எந்தப் பலகையிலும் ஏறாத அப்பாவின் பெயரை மாப்பிள்ளை என் பெயருக்குப் பின்னால் எழுதினார். நான் எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசித்தேன்.