பதினான்கு துணிகள்

காலை ஆறு நாற்பது. கண் விழித்ததும் முதலில் தெரிந்தது கட்டிலுக்கு மேலே கட்டிய கொடியில் தொங்கிய குழந்தைத் துணிகள். எண்ணினேன். பதினான்கு. பழைய வேட்டியைக் கிழித்தவை, முந்தைய நாள் மதியம் துவைத்தவை. கைக்கு எட்டியதைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

மார்கழி இரண்டாவது வாரம். மகள் பிறந்து இருபத்திரண்டு நாள். ராஜபாளையத்தில் அம்மா வீட்டு மாடி அறையில் இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை தெரியும். அம்மா பழைய போர்வை ஒன்றை ஆணியடித்து அதை மறைத்திருந்தாள். மலைக்காற்று பச்சை உடம்புக்கு ஆகாது என்றாள். காதில் பஞ்சு, தலையில் துண்டு. செய்திக்காக ஊர் ஊராகச் சுற்றியவளுக்கு அந்த மாதம் கிடைத்த செய்தியெல்லாம் அந்தக் கொடியில்தான் இருந்தது.

பங்குனியை நினைத்துக்கொண்டு கிடந்தேன். போன பங்குனியில் வேலையாக மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புக்குப் போயிருந்தேன். வழியில் புங்க மரங்கள் புது இலை விட்டிருந்தன. எண்ணெய் தடவியது போன்ற பச்சை. வனத்துறைச் சாவடிக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தி, காரணமே இல்லாமல் கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே படுத்துக் கிடக்க வேண்டி வந்ததால், விடுப்பில் ஒரு பங்கு முன்பே போய்விட்டது. பங்குனி பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். வெயில் வரும் நாளும் குழந்தையை விட்டுப் போகும் நாளும் ஒன்று. அது தெரிந்தும் பங்குனி வராதா என்றிருந்தேன்.

அன்று காலை சித்தி வந்தாள். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் அவளுக்கு வேலை. ஒரு சுருள் துணியைக் கட்டிலில் போட்டாள்.

"யக்கா, இந்தப் பழைய வேட்டியெல்லாம் தூக்கிப் போடு. இதுக்கு வெயிலே வேண்டாம். விரிச்சுப் போட்டா செத்த நேரத்துல காஞ்சிரும்."

அம்மா துணியை முகத்துக்கு நேரே பிடித்தாள். "இது வழியா ஒம் மூக்குத்தி தெரியுதேட்டி. இதுல என்ன நிக்கும்?"

"ஆஸ்பத்திரியில ரத்தத்தையே நிப்பாட்டுது. ஒம் பேத்தி பெய்றது நிக்காதா?"

நிற்கவில்லை. பேண்டேஜ் துணியைக் கட்டி மடியில் வைத்த ஐந்தாவது நிமிடம் சித்தியின் சேலை நனைந்தது.

"எம்புட்டுப் பெய்றா பாரு! ஏட்டி, மொத மொத பாக்க வந்தவளுக்கு இதான் மரியாதையா?" என்றாள் குழந்தையிடம்.

"ரத்தத்தையே நிப்பாட்டுமாம்ல," என்றாள் அம்மா.

நான் சிரித்ததில் காதுப் பஞ்சு விழுந்தது. "பஞ்ச எடுத்து வையி. சிரிக்கவும் வேண்டாம், தையல் இழுக்கும்," என்று அம்மா என்னை அதட்டினாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு பேண்டேஜ் துணியை எட்டு மடிப்பாக மடித்து ஓரம் தைத்தார்கள். இப்போது ஈரம் நின்றது. ஆனால் வேட்டித் துணியைப் போலவே அதுவும் காயவில்லை. கடைசியில் அம்மா கங்குச் சட்டியின் மேல் கோழி மூடும் பஞ்சாரத்தைக் கவிழ்த்து, அதன்மேல் துணிகளைப் பரப்பினாள். கங்கில் கொஞ்சம் சாம்பிராணி போட்டாள். தை முழுவதும், மாசி பாதி வரைக்கும் அப்படித்தான். குழந்தையின் கழுத்து மடிப்பில் புகையும் பாலும் கலந்த வாசனை இருக்கும். அவளுக்கு இப்போது எட்டு வயது. தூங்கும்போது சில நாள் முகர்ந்து பார்க்கிறேன். தேங்காய் எண்ணெய் வாசனைதான் வருகிறது.

மாசிக் கடைசியில் அம்மா ஜன்னல் போர்வையைக் கழற்றினாள். மலை இருந்த இடத்தில் இருந்தது. பங்குனியின் முதல் திங்கட்கிழமை பேருந்து ஏறினேன். புங்க மரங்கள் அதே பச்சையில் ஜன்னலைக் கடந்து போயின. மதியம் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"எட்டு மணிக்கு மொட்ட மாடியில போட்டேன். ஒம்பதுக்கெல்லாம் மொறமொறன்னு காஞ்சிருச்சு," என்றாள் அம்மா.

"பாப்பா?"

"முழிச்சுத்தான் கெடக்கா. போர்வ தொங்குன ஜன்னலையே பாத்துக்கிட்டிருக்கா. நீ சாப்டியா?"

மாலை ஆறரைக்கு வீடு திரும்பினேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மாடி அறையில் கொடியை அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள். கட்டில் ஓரத்தில் பதினான்கு துணிகள் மடித்து அடுக்கியிருந்தன.