நாற்காலி இல்லாத கச்சேரி

வடசென்னைக் காலடிப்பேட்டையில் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கடை என்னுடையது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் என் நாற்காலிகள் போகும், நான் போகமாட்டேன். இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. அஞ்சாம் வகுப்போடு தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மாமா கடைக்கு வேலைக்கு வந்தவன். பாதி ஆயுசு இங்கேயே போய்விட்டது. ஆனாலும் இந்த ஊர்க்காரர்களுக்கு நான் இன்னமும் அண்ணாச்சிதான்.

அப்படிப்பட்ட என் குடோனில்தான் ஒரு இசைக்குழு பிறந்தது. பாடகன் எங்கள் தெருக்காரன். சாவு வீடுகளில் கானா பாடிக்கொண்டிருந்தவன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அவர் பெயரைச் சொல்லி, என்ன வேலை செய்தார், யாரை விட்டுப்போனார் என்று பாட்டாகக் கட்டிப் பாடவேண்டும். பாடாமல் விட்டால், ஆளைச் சரியாக வழியனுப்பவில்லை என்று வீட்டுக்காரர்களுக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். இவன் அதில் கெட்டிக்காரன். "எங்கப்பன் இவ்ளோ நல்லவனா?" என்று பெற்ற பிள்ளைகளே மலைத்துப்போகும் அளவுக்குப் பாடுவான்.

அவனோடு கிட்டார் வாசிக்கிற ஒருவனும் டிரம் அடிக்கிற ஒருவனும் சேர்ந்தார்கள். வீட்டில் சத்தம் போடக்கூடாதென்று துரத்திவிட்டதால் என் குடோனுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தகரக் கூரைக்குக் கீழே பாடுவார்கள். தெருச் சனம் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்கும். தெரு முனையில் மீன் விற்கிற அக்கா, விற்காமல் மிஞ்சிய மீனை வறுத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். மூன்று பேரும் சாப்பிட்டு முடிக்காமல் பாட்டு தொடங்காது. "தொண்டைக்கு எண்ணெ போட்டாதான்டா வண்டி ஓடும்" என்பார் அக்கா.

தாங்கள் 'இண்டி பேண்டு' என்று பாடகன் ஒருநாள் சொன்னான். அப்படியென்றால் என்ன என்று அக்கா கேட்டார். "யாருக்கும் கட்டுப்படாதவங்கக்கா. எங்களுக்கு முதலாளி கெடையாது" என்றான். இப்போது அவனோடு பேசவேண்டுமானால் மூன்று பேரைத் தாண்டிப் போகவேண்டும்.

வளர்ச்சி படிப்படியாகத்தான் வந்தது. முதலில் தென்சென்னையில் ஒரு காபிக்கடையில் பாடினார்கள். அங்கே சனம் காசு கொடுத்து வந்து, பாட்டு முடியும்வரை இருமாமல் உட்கார்ந்திருந்ததாம். "சாவு வூட்லயே இவ்ளோ அமைதி இருக்காது அண்ணாச்சி" என்று பாடகன் பயந்துபோய்ச் சொன்னான். பிறகு ஒரு அரங்கம், அப்புறம் பெங்களூரு, துபாய். அவர்கள் பெரிதாகப் பெரிதாக டிக்கெட் விலை ஏறியது, நாற்காலி குறைந்தது. உட்காருவதற்குக் காசு வாங்கிப் பிழைப்பவன் நான். நிற்பதற்கு அதைவிட அதிகமாக வாங்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த நேரத்தில் மீன்கார அக்கா இறந்துவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் விசைப்படகு ஓட்டுபவர். இந்த ஊரில் எனக்கிருக்கும் ஒரே சிநேகிதர். அக்கா போன அன்று பாடகன் துபாயில் இருந்தான். சிநேகிதரிடம் போனில் அழுதான். "அண்ணே, இன்னிக்கு என்னால முடியல. வருஷ நாளுக்கு நானே வந்து பாடுறேன். வேற யாரையும் வெச்சிராத" என்றான். சிநேகிதர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். பதினாறாம் நாளுக்கு வேறு ஆள் பாட வந்தபோது வேண்டாமென்று அனுப்பிவிட்டார். ஆகவே அக்கா பாட்டில்லாமல் போனவராகவே ஒரு வருஷம் இருந்தார்.

நினைவு நாள் நெருங்கியதும் பாடகனுக்குப் போன் செய்தோம். மேனேஜர் எடுத்தார். சிநேகிதர் என் கடையில் உட்கார்ந்து, போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துப் பேசினார்.

"சொல்லுங்க சார், என்ன ஈவென்ட்?"

"என் பொண்டாட்டி செத்து ஒரு வர்சம் ஆவப்போவுது."

"ஓ, வெரி சாரி சார். கார்ப்பரேட்டா, ப்ரைவேட்டா?"

"அவ மீனு வித்துகினு இருந்தா."

"ப்ரைவேட்னு போட்டுக்கறேன். வென்யூ கெபாசிட்டி எவ்ளோ சார்?"

"எங்க தெரு. எத்தினி பேர் வந்தாலும் கொள்ளும்."

மேனேஜர் கோபப்படவில்லை. நன்றாகப் படித்தவர்; கடைசிவரை சார் என்றுதான் கூப்பிட்டார். குழுவின் குறைந்தபட்சத் தொகையைச் சொன்னார். அதைக் கேட்டு சிநேகிதர் கொஞ்சநேரம் என்னைப் பார்த்தார், என்னமோ நான்தான் விலையை ஏற்றியதுபோல. அதோடு வேன், ஒலி ஏற்பாடு, நட்சத்திர ஓட்டலில் அறைகள் எல்லாம் தனியாம்.

"ஓட்டலு இன்னாத்துக்கு? பையன் வூடு ரெண்டு தெரு தள்ளிதான கீது! அவங்கம்மா அங்கதான தூங்கிகினு கீறாங்க!"

"அது ஆர்ட்டிஸ்ட் பாலிசி சார்."

போனை வைத்தபிறகு சிநேகிதர் சொன்னார்: "அண்ணாச்சி, நடுவுல கீறவன்கிட்ட பேசுனா வேலைக்காவாது. பையனை நேர்ல பாத்தா மறுக்கமாட்டான்."

பையனை நேரில் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. நந்தனம் பக்கம் ஒரு மைதானத்தில் அவர்களுடைய பெரிய கச்சேரி வரவிருந்தது.

பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண் தன் போனில் டிக்கெட் வாங்கித் தந்தாள். போனுக்குள்ளேயே ஒரு வரிசை இருந்தது. நாங்கள் அதில் பல ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்பதாக அது காட்டியது. மூன்று பேரும் வெயிலில் நின்றவர்கள்போல வியர்த்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது மலிவான டிக்கெட் தீர்ந்திருந்தது. மிச்சமிருந்ததில் மலிவானதற்கு 'சில்வர்' என்று பெயர்; கடைசி வேலி ஓரம். அதற்குமேல் 'வசதிக் கட்டணம்' என்று ஒன்று வந்தது.

"யாரு வசதிக்கு?" என்றார் சிநேகிதர்.

"அதெல்லாம் கேக்காத மாமா, டைம் ஓடுது" என்றாள் அவள்.

கச்சேரி நாளன்று மெட்ரோவில் போய் இறங்கினோம். சிநேகிதர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு பொட்டலம்: பாடகனுக்காக வஞ்சிரம் வறுத்துக் கொண்டுவந்திருந்தார். அக்கா இல்லாத வீட்டில் அவரே வறுத்தது. ஒரு பக்கம் கரிந்திருந்தது. வாசலில் நின்ற காவலாள் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்து, வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதியில்லை என்று ஒரு டிரம்மில் போட்டுவிட்டான். இன்னொருவன் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டினான். அதைச் சிநேகிதர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியாஸ்பத்திரில அவளுக்கு இந்த மாதிரிதான் கட்டுனாங்க. நான்தான் அறுத்தேன்" என்றார். பிறகு சட்டைக் கையை இழுத்து அதை மூடிக்கொண்டார்.

உள்ளே போனால் எங்கள் ஊரே அங்கே விலைக்கு இருந்தது. 'வடசென்னை மீன் வறுவல்' என்று எழுதிய கடையில், அட்டையில் செய்த குட்டிப் படகில் ரெண்டு துண்டு மீனை வைத்து விற்றார்கள். அந்த விலைக்கு அக்கா கூடையையே கொடுத்திருப்பார். மேடையில் பெரிதாக ஒரு மீன்பிடிப் படகு, தொங்குகிற வலை, பின்னால் எண்ணூர்ப் புகைபோக்கிகள். புகைபோக்கியிலிருந்து நிஜமாகவே புகை வந்தது, மிஷின் வைத்து விட்டார்கள். எதிரே நின்ற பெண்கள் அதைப் பார்த்து "வாவ்" என்றார்கள். அதை ஒட்டிய எர்ணாவூர்க்காரர்கள் இதே புகையை நிறுத்தச் சொல்லி வருஷக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். டிக்கெட் போடலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

எங்கும் ஒரு நாற்காலி கிடையாது. மேடையை ஒட்டி நிற்பவர்கள்தான் அதிகக் காசு கொடுத்தவர்களாம். அவர்களைக் கம்பிவேலிக்குள் நெருக்கி அடைத்திருந்தார்கள். லாரியில் மாடு ஏற்றுபவன்கூட அதைவிடக் கொஞ்சம் இடம் விடுவான்.

பாடகன் வந்தான். எங்களுக்கு அவன் கட்டைவிரல் உயரம் தெரிந்தான். பக்கத்துத் திரையில் வீடு உயரம் தெரிந்தான். நிஜ உயரத்தில் எங்கும் இல்லை. நன்றாகத்தான் பாடினான், அதைச் சொல்லவேண்டும். ஆனால் கிட்டே போக வழியில்லை. வேலிக்கு வேலி காவலாள். சிநேகிதர் இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தார். இரண்டு இடத்திலும் மணிக்கட்டுப் பட்டையின் நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள்.

அப்போதுதான் அவர் எங்கள் ஊர் வழக்கத்தை அங்கே செய்தார். கானா நடக்கும் இடத்தில் இறந்தவர் பெயரை ஒரு சீட்டில் எழுதி, ரூபாய் நோட்டோடு ஊக்கில் குத்திக் கொடுத்தனுப்புவோம். பாடுகிறவன் நோட்டைச் சட்டையில் குத்திக்கொண்டு அந்தப் பெயருக்குப் பாடியாகவேண்டும். மறுக்கக்கூடாது.

"எழுது அண்ணாச்சி."

"அண்ணே, இங்க போய் இதெல்லாம்..."

"எழுதுன்றேன்."

டிக்கெட் அச்சடித்த தாளின் பின்பக்கம் அக்கா பெயரையும், காலடிப்பேட்டை, முதலாம் ஆண்டு என்றும் எழுதினேன். சிநேகிதர் அரைஞாண் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி ஐநூறு ரூபாய் நோட்டோடு சேர்த்துக் குத்தினார். முன்னால் நின்ற பையனின் தோளைத் தட்டினார். "தம்பி, இத்த அப்டியே முன்னால பாஸ் பண்ணு. பாடுறவன் கைக்குப் போவணும்."

அந்தப் பையன் இது ஏதோ நிகழ்ச்சியின் அங்கம் என்று நினைத்திருக்கவேண்டும். சந்தோஷமாக வாங்கினான். சீட்டு தலைகளுக்கு மேலே கை மாறி மாறிப் போனது. வெள்ளிப் பட்டைக்காரர்களிடமிருந்து தங்கப் பட்டைக்காரர்களிடம், அங்கிருந்து கம்பிக்குள் இருப்பவர்களிடம். ஐநூறு ரூபாய் நோட்டு அவ்வளவு கைகளைத் தாண்டி முழுசாகப் போய்ச் சேர்ந்ததை நான் இன்றைக்கும் ஆச்சரியத்தோடுதான் நினைக்கிறேன். வசதி இருக்கிறவர்கள் காசை எடுப்பதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள் போலும்.

பாடகன் குனிந்து வாங்கியதைத் திரையில் பார்த்தோம். படித்தான். நின்றுவிட்டான். கிட்டார்க்காரன் மட்டும் தெரியாமல் வாசித்துக்கொண்டே போய், பிறகு நிறுத்தினான். பாடகன் ஊக்கைக் கழற்றி நோட்டைத் தன் மினுமினுப்புச் சட்டையில் குத்திக்கொண்டான். கை தானாகச் செய்தது. அக்காவின் பெயரை ஒருமுறை கூப்பிட்டு, வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடினான்:

"கூடைய எறக்கி வெச்சியே,
கொரல எங்க வெச்சே?
தராசுத் தட்டு சாயாம
தருமமா நீ வித்தே!"

அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்கு அந்த மைதானமே கத்தித் தீர்த்துவிட்டது. அது யாரென்று அவர்களுக்குத் தெரியாது. பாடகனின் காதலி என்று என் பக்கத்தில் ஒருவன் இன்னொருவனுக்கு விளக்கினான். ஆயிரக்கணக்கான போன்கள் விளக்கோடு மேலே எழுந்தன. சிநேகிதர் கையைத் தலைக்குமேல் தூக்கி, படகிலிருந்து கரைக்குக் காட்டுவதுபோல ஆட்டினார். அவ்வளவு தூரத்துக்கு அது தெரிந்திருக்காது. "தேங்க் யூ சென்னை" என்று சொல்லிவிட்டுப் பாடகன் அடுத்த பாட்டுக்குப் போனான்.

மறுநாள் மேனேஜரே போன் செய்தார். "சார், உங்க ரிக்வெஸ்ட் ஷோலயே கவர் ஆயிடுச்சு. ஸோ, தனியா ப்ரைவேட் ஈவென்ட் தேவைப்படாதுன்னு நெனைக்கிறோம்."

சிநேகிதர் போனை என்னிடம் கொடுத்தார். நான் "சரிங்க" என்று சொல்லி வைத்தேன்.

அந்த நாலு வரி அதற்குள் எல்லாப் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது. யார் யாரோ அதற்கு ஆடினார்கள். ஒரு பையன் அக்கா பெயரைச் சொல்லி முட்டிபோட்டு ரோஜாப்பூ நீட்டினான். "என் பொண்டாட்டிக்குப் பூ குடுக்குறான் பாரு அண்ணாச்சி. ஒதைக்கலாம்னா எந்த ஊரு பையன்னே தெர்ல" என்றார் சிநேகிதர். ஆனாலும் மனசு ஆறவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எல்லோரும் பாடுகிறார்கள், அவளுக்காக யாரும் பாடவில்லை.

நினைவு நாள் சாயங்காலம் தெருவில் பந்தல் போட்டு நாற்காலிகளை இறக்கினேன். அன்று மட்டும் நானும் ஒன்றில் உட்கார்ந்தேன், கடைசி வரிசையில். அக்காவின் படத்துக்கு மாலை, முன்னால் விளக்கு. ஆள்தான் வரவில்லை, பாட்டையாவது போடலாம் என்று மைக் செட்காரர் போனை ஸ்பீக்கரில் இணைத்து, கச்சேரி வீடியோவைப் பெரிய டிவியில் காட்டினார். படம் வந்தது, சத்தம் வரவில்லை. ஒயரை ஆட்டிப் பார்த்தார். பிறகுதான் கீழே எழுதியிருந்ததை யாரோ படித்துச் சொன்னார்கள்: உரிமை ஒரு கம்பெனியிடம் இருப்பதால் ஒலி நீக்கப்பட்டிருக்கிறது.

டிவியில் பாடகன் வாயைத் திறந்து திறந்து மூடினான். தெரு முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிநேகிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இவன் இன்னா, வலையில மாட்னவன் மாதிரி வாயத் தொறக்குறான்" என்று ஒரு குரல் கேட்டது. தெரு முனையில் அக்காவுக்கு எதிர்ப்பக்கம் மீன் விற்கிற அம்மாள். இடத்துக்காக அக்காவோடு சண்டை போடாத நாள் கிடையாது. அவர் எழுந்து வந்து டிவியை அணைத்தார். "பாட்டா தெரியாது எங்களுக்கு?" என்று நாற்காலி முதுகில் தாளம் தட்டி, அதே மெட்டில் ஆரம்பித்தார். முதல் இரண்டு வரி சரியாகத்தான் வந்தது. மூன்றாவதில் நிறுத்தினார்.

"தருமமா வித்தாளாமே? யார்ரா சொன்னது? அவன் எத்தினி நாள் மீனு வாங்கனான் அவகிட்ட? ஓசியிலதான துன்னான்!"

கூட்டம் சிரித்தது. அம்மாள் வரியை மாற்றினார்:

"தராசுக்கு கீழ கல்ல வெச்சு
தெருவையே நீ வித்தே!"

"யம்மா, செத்தவள இப்படியா பாடுவ?" என்றார் ஒரு பெரியவர்.

"செத்துட்டா பொய் சொல்லணுமா இன்னா? இங்க இருந்தா அவளே ஒத்துக்குவா. ஒத்துக்கினு என்ன நாலு வார்த்த திட்டுவா!" சொல்லும்போதே அம்மாளுக்குக் குரல் உடைந்தது. அதற்குள் இன்னொரு பெண் ஒரு வரி கட்டினாள், நேற்றைய மீனை இன்றைய மீன் என்று தன் தலையில் கட்டியதைப் பற்றி. அடுத்தவள், தன் பிரசவத்துக்கு அக்கா நள்ளிரவில் ஆட்டோ பிடித்து வந்ததைப் பற்றி. பெயர் ஒவ்வொரு வரியிலும் வந்தது. இப்போது அது யாரென்று பாடுகிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் சிநேகிதரைப் பார்த்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்து எழுந்து பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டியது. கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார்.

"கல்லு இல்ல" என்றார். "காந்தம். நான்தான் பாரிஸ் கார்னர்ல வாங்கியாந்து குடுத்தேன்."

தெருவில் எழுந்த சத்தத்தில் பந்தல் துணி ஆடியது. "அட பாவி மனுசா!" என்று அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெட்டை முதலிலிருந்து எடுத்தார். இந்தமுறை காந்தமும் பாட்டில் இருந்தது.