குமுதா பெரியம்மாவின் மஞ்சள் ஸ்டிக்கர்

நிலாவைக் கழற்றிக் கொண்டுவந்து குமுதா பெரியம்மாவின் மேசையில் வைத்தால், ஒரு கண்ணைச் சுருக்கி அரை நிமிடம் பார்த்துவிட்டு, மேடு பள்ளம் இருக்கிறது, ஓரமும் சரியில்லை என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். சூரியனுக்கும் அதே கதிதான். காரணம்: அதிகச் சூடு.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் நகக்கண் அளவுச் சில்லுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழுது பிடித்தவர் அவர். பச்சை ஸ்டிக்கர் என்றால் தேறியது. மஞ்சள் என்றால் சரிசெய்யலாம். சிவப்பு என்றால் குப்பை. உலகத்தில் உள்ள எல்லாமே அவருக்கு இந்த மூன்றில் ஒன்று. அவருடைய தங்கை மகன் குணாளனுக்கு மட்டும் இன்னும் தீர்ப்பு வரவில்லை. வயது பதினேழு. மூன்றாம் படிவத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டு, ஜெலுத்தோங்கில் பெரியம்மா வீட்டில் தின்று தூங்கிக்கொண்டிருந்தான்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் பெரியம்மா ஒரு பழைய ஃபோர்வீல் பிக்கப் வாங்கினார். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. காரணம் டுரியான் பழம். கூட வேலை பார்த்த ஷரீஃபாவுக்குப் பாலிக் புலாவ் மலையில் தோட்டம் இருந்தது. பழத்தை இறக்கிக் கொண்டுவர ஆள் தேவைப்பட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை உச்சிவரை ஏறிக் காட்டினால் இந்தப் பருவம் முழுக்க வேலை பெரியம்மாவுக்கு. வண்டியை விற்ற தயாளனோ, பிடிக்காவிட்டால் ஏழு நாளைக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் அக்கா என்று சொல்லியிருந்தார். அந்த ஏழாம் நாளும் அதே ஞாயிறுதான்.

வண்டி வந்த அன்று சக்கரத்துக்கு அடியில் வைக்க குணாளன் நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்தான். பெரியம்மா அவற்றைப் பிடுங்கி ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

"செக் பண்ணாத சாமானுக்குப் பூஜை கிடையாதுலா. சாமியை ஏமாத்துற மாதிரி இருக்கும்."

செக் தொடங்கியது. காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முடுக்கி, புகைக்குழாய்க்குப் பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துப் புகை கறுப்பா, நீலமா என்று பார்த்தார். எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தார். எண்ணெய் ஒழுகினால் தெரியட்டும் என்று வண்டிக்கு அடியில் அட்டை விரித்தார். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு வண்டி நேராகப் போகிறதா என்று பார்த்தார். பக்கத்தில் இருந்த குணாளன் அப்போது தனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டான். அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதுவது அவன் வேலை: நாள், நேரம், பழுது, அறிகுறி.

அவனுக்கு அந்த மலையைத் தெரியும். போன பருவத்தில் பழம் பொறுக்கப் போனபோது ஒரு வளைவைப் பார்த்திருந்தான். வளைவுக்குக் கீழே, சரிவில், யாருடைய பிக்கப்போ கவிழ்ந்து துருப்பிடித்துக் கிடந்தது. ஜன்னல் வழியாகப் பெரணிச்செடி வளர்ந்து வெளியே எட்டிப் பார்த்தது, ஓட்டுகிறவர் தலையை நீட்டி வழி கேட்பதுபோல. அன்றிலிருந்து பெரணியைக் கண்டாலே அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

போகாதீர்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கடைப் பொம்மைக்குப் பட்டுப்புடவை கட்டி முதலாளியின் நாற்காலியில் உட்கார வைத்து எல்லாரையும் சிரிக்கவைத்தவன் அதை எந்த வாயால் சொல்வான்? வண்டி மோசம் என்று பெரியம்மாவே முடிவு கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. அவர் பழுது தேடுகிறவர். பழுது கொடுத்தால் போயிற்று.

செவ்வாய்க்கிழமை முன் சக்கர மூடிக்குள் மூன்று நட்டுகளைப் போட்டான். வண்டி கிளம்பியதும் டக்கு டக்கு என்றது. பெரியம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார், வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறது என்று எழுதச் சொன்னார். குணாளன் அழகான கையெழுத்தில் எழுதினான்.

புதன்கிழமை காற்று வரும் துளைக்குள் நாற்றமடிக்கும் இறால் விழுதான பெலாச்சானில் ஒரு துண்டு வைத்தான். ஏர்கோனைத் திறந்ததும் வண்டி முழுக்கக் கருவாட்டுச் சந்தையானது. பெரியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, முன்னே வைத்திருந்தவர் சாப்பாட்டுக் கடைக்காரராக இருக்கலாம் என்று எழுதச் சொன்னார்.

வியாழக்கிழமை அவர் குளிக்கும் நேரம் பார்த்து அட்டையில் கோப்பி ஓவை, பால் இல்லாத கறுப்புக் காப்பியை, சொட்டினான். பெரியம்மா குனிந்து விரலால் தொட்டார். முகர்ந்தார். பிறகு, குணாளன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"எழுது. எண்ணெய்ல சீனி அதிகம்."

முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. குணாளனுக்குத்தான் பேனா வழுக்கியது.

வெள்ளிக்கிழமை கடையில் வேலை சீக்கிரம் முடியவில்லை. மாலையில் பந்து விளையாட நண்பர்கள் வேறு காத்திருந்தார்கள். மறுநாள் உறிஞ்சுகுழல் ஒன்றை வெட்டி ஜன்னல் ரப்பருக்குள் செருகுவது திட்டம், காற்றடித்தால் விசிலடிக்கும். எப்படியும் எழுதத்தானே போகிறோம் என்று சனிக்கிழமைக்கான வரியையும் அன்றைக்கே தாளில் எழுதிவிட்டு ஓடினான்.

சனிக்கிழமை அசந்து தூங்கிவிட்டான். பெரியம்மா எழுப்பி வண்டியில் ஏற்றியபோது உறிஞ்சுகுழல் அவன் கால்சட்டைப் பையிலேயே இருந்தது.

கடலோர நெடுஞ்சாலையில் பெரியம்மா வண்டியை வேகமாக ஓட்டினார். பிறகு மெதுவாக ஓட்டினார். ஜன்னலை இறக்கி ஏற்றினார். மறுபடி வேகமாக ஓட்டினார். கடைசியில் ஓரமாக நிறுத்திவிட்டுத் தாளை எடுத்து, கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"சனி, காலை ஏழு மணி. இடது ஜன்னலில் விசில் சத்தம்." மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எங்கடா விசில்?"

குணாளன் திருதிருவென விழித்தான். வாய் தானாகச் சொன்னது:

"வரும் பெரியம்மா."

பெரியம்மா நேரே மெக்கானிக் வேலு அண்ணனின் பட்டறைக்கு வண்டியை விட்டார். அங்கே மேசைமேல் மூன்று நட்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கரோடு. நேற்று அவன் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா இங்கே வந்திருக்கிறார்.

வேலு அண்ணன் வண்டியைத் தூக்கி நிறுத்தினார். நான்கு சக்கரமும் அந்தரத்தில் தொங்கின. ஃபோர்வீலுக்கு மாற்றி இஞ்சினை முடுக்கினார். பின் சக்கரங்கள் இரண்டும் சுழன்றன. முன் சக்கரங்கள் நமக்கென்ன என்று சும்மா நின்றன.

பெரியம்மா தொழிற்சாலைப் பூதக்கண்ணாடியை அவன் கையில் கொடுத்தார். முன் அச்சுக்குப் போகும் ஒரு மெல்லிய ரப்பர் குழாயில் மயிரிழை அளவு வெடிப்பு. அதில் காற்றுக் கசிந்ததால் முன் சக்கரங்கள் இஞ்சினோடு சேரவே இல்லை, வண்டி பெயரில் மட்டும் ஃபோர்வீலாக இருந்திருக்கிறது.

"உன் நட்டைத் தேடித்தான் கீழே படுத்தேன்," என்றார். "நட்டு இல்லன்னா இது கண்ணுல பட்டிருக்காது. உனக்கு நன்றி சொல்றதா, ரெண்டு அறை விடறதான்னு நேத்துலேருந்து யோசிக்கிறேன்."

அந்த வளைவில், ஈர மண்ணில், பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. குணாளன் கவிழ்ந்த பிக்கப்பையும் பெரணியையும் பற்றி உளறிக் கொட்டினான். பெரணி வழி கேட்பதுபோல் இருந்தது என்றபோது வேலு அண்ணன் சிரிப்பை அடக்கத் தலையை இஞ்சினுக்குள் விட்டுக்கொண்டார். பெரியம்மா சிரிக்கவில்லை.

"அந்த வளைவை நானும் பார்த்தேன்டா. வண்டி வாங்க முன்னாடியே ஷரீஃபாவோட நடந்து ஏறிட்டு வந்தேன். பயம் எனக்கும் இருக்கு. அதனாலதான் செக் பண்றேன்."

புதுக் குழாய் ஒரு முழம்கூட இல்லை. மாட்டி முடுக்கியதும் நான்கு சக்கரமும் ஒன்றாகச் சுழன்றன. பெரியம்மா வண்டியின் முன் கண்ணாடியில் ஒரு பச்சை ஸ்டிக்கரை ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐஸ்பெட்டியிலிருந்து எலுமிச்சம்பழங்கள் வெளியே வந்தன. சூடம் காட்டி, பழத்தின் மேல் வண்டியை ஏற்றி முடித்ததும், முன் சீட்டைக் காட்டி ஏறு என்றார். தோட்டத்துப் பாதை தொடங்கும் இடத்தில் வண்டி நின்றது. எழுதுவதற்காகக் குணாளன் தாளைப் பிரித்தான். அங்கே ஏற்கெனவே ஒரு வரி, பெரியம்மாவின் கையெழுத்தில்:

"ஞாயிறு, காலை எட்டு மணி. பழுது: குணாளன். அறிகுறி: வளைவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தான்."

பக்கத்தில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்.

அவன் கைப்பேசியைப் பார்த்தான். மணி ஏழே முக்கால்.

"இன்னும் எட்டு ஆகலையே பெரியம்மா. நான் பிடிக்கவே இல்லையே."

பெரியம்மா ஃபோர்வீலுக்கு மாற்றினார்.

"வரும்லா," என்றார்.