முழங்கினார்

ஏரல் பஜாரில் நடந்த தேர்தல் கூட்டத்தில் மேடைமேல் ஒரு கல் வந்து விழுந்தது. எதிரே இருந்த துணிக்கடை மாடியிலிருந்துதான் வந்தது என்று யாரோ கத்த, கூட்டம் கடைப் பக்கம் திரும்பியது.

வேட்பாளர் மைக்கைப் பிடித்து, "யாரும் போகக்கூடாது! அமைதியா இருங்க!" என்றார். எக்கோ வைத்த அந்தக் கட்டைக் குரலுக்காகவே கூட்டம் சேரும். நிருபரான நானும் என் செய்திகளில் 'முழங்கினார்' என்றே எழுதிவந்தவன். அன்று அமைதி என்ற சொல்லும் அடிக்கச் சொல்வதுபோலத்தான் கேட்டது. பதிலுக்கு விசில் பறந்தது. முன்வரிசை கடையை நெருங்கிவிட்டது.

பாதி இறக்கிய ஷட்டரைப் பிடித்தபடி கடைக்கார பாய் கத்தினார்: "அண்ணாச்சி! நீரு பேசப் பேசத்தான் இவனுவ ஏறுதானுவ. மைக்கை வச்சிட்டு இறங்கி வாரும்வே! உள்ள எம் பிள்ளைக இருக்கு!"

வேட்பாளர் மைக்கை வைத்துவிட்டு இறங்கினார். ஷட்டருக்கு முன்னால் நின்று, "ஏலே, போதும்லே. வீட்டுக்குப் போங்கலே" என்றார். மெலிந்த, கரகரத்த குரல். என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே கூட்டம் அடங்கியது. ஓங்கிய கைகள் பைய இறங்கின.

அன்று 'கேட்டுக்கொண்டார்' என்று எழுதி அனுப்பினேன். காலையில் பேப்பரில் 'முழங்கினார்' என்று வந்திருந்தது. திருத்தியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு அந்த வார்த்தையைப் பழக்கியவனே நான்தான்.