கண்ணால் தேறிய காதுப் பரீட்சை

என் பெரியம்மா ஒரு துணி ஆலையின் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவள். தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் எதுவும் கேட்காது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. உதட்டை நிதானமாக அசைப்பார்கள், எதிரே நிற்பவர் பார்த்துப் புரிந்துகொள்வார். மேஸ்திரி முதுகைத் திருப்பினால் போதும், அவர் பரம்பரையையே இழுத்துத் திட்டலாம்.

பெரியப்பா அதே கூடத்தில் தறி மெக்கானிக். கட்டிக்கொள்கிறாயா என்று அவர் கேட்டதும் நான்கு தறி தள்ளி நின்று உதட்டால்தான். "உங்க பெரியப்பா குரலைக் கேக்கறதுக்கு முன்னாடியே சரின்னு தலையாட்டிட்டேன்" என்று பெரியம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தறிச் சத்தத்தில் பெரியம்மாவின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்டால் டக்கென்று பதில் வரும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். உறவில் பாதிப்பேர் அதைத் திமிர் என்றார்கள்.

இருவரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு பெரியப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன் செய்தால் ஆள் பிழைப்பார், குரல் போய்விடும் என்றார்கள். அன்றைக்குத்தான் பெரியம்மா என்னைத் தனியாக அழைத்து உடைத்துச் சொன்னாள்.

"அவரு பேசறது எனக்குக் கேட்டே பல வருஷமாச்சுடி. வாயைப் பாத்துத்தான் காலம் தள்றேன். போறதுக்குள்ள அந்தக் குரலை ஒரு தடவையாவது கேட்டுடணும்."

மறுநாளே யாருக்கும் சொல்லாமல் கடைவீதிக்குப் போய், காது மிஷின் விற்கிற கடையில் ஏறிவிட்டாள். கடைக்காரர் அவளை எதிரே உட்காரவைத்து, "நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க" என்றிருக்கிறார். பெரியம்மா அவர் உதட்டைப் பார்த்தே ஒரு சொல் விடாமல் ஒப்பித்திருக்கிறாள். காதில் ஒலி வரும்போது விரலைத் தூக்கச் சொன்னாராம். அவர் பொத்தானை அமுக்குகிற கையைப் பார்த்துச் சரியாகத் தூக்கினாளாம். காதைச் சோதிக்க வந்தவளின் கண்ணைச் சோதித்து அனுப்பினார் அந்தப் புண்ணியவான்.

"கொஞ்சம்தான் கோளாறாம். சின்ன மிஷினே போதுமாம்" என்று முகமெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தாள். பரீட்சையில் தேறிய பிள்ளையின் பெருமை அவளுக்கு. ஏமாற்ற நினைத்தவள் இல்லை. முகத்தைப் பார்ப்பதுதான் கேட்பது என்று அவள் உடம்பு பழகியிருந்தது.

அந்த மிஷினில் ஓர் இரைச்சல் வந்தது, பெரியப்பா வரவில்லை. போகப் போகப் பழகிவிடும் என்றார் கடைக்காரர். பெரியம்மாவும் நம்பி, பெரியப்பா பேசும்போது அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பழகிப் பார்த்தாள். நாட்கள் வீணாய்ப் போயின.

நான்தான் விசாரித்து, ஆஸ்பத்திரியில் கேட்கும் திறனைச் சோதிக்கிற ஓர் ஆடியாலஜிஸ்ட் பெண்ணிடம் கூட்டிப்போனேன். அவர் எடுத்த எடுப்பிலேயே மிஷினைப் பற்றிப் பேசவில்லை.

"என்ன வேலை பாத்தீங்கம்மா? யார் பேசறது உங்களுக்குக் கேக்கணும்?"

"தறி ஓட்டினேன். என் வீட்டுக்காரர் பேசறது கேக்கணும்."

அந்தப் பெண் அறையின் கனத்த கதவை மூடினார். ஒரு காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டு பின்னால் நின்று பேசினார். பெரியம்மா எதையும் திருப்பிச் சொல்லவில்லை. தலையைத் திருப்பித் திருப்பி அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடினாள்.

"உங்க கண்ணு இவ்வளவு நாளா ரெண்டு வேலை பாத்திருக்கும்மா" என்றார் அவர் முன்னால் வந்து, மெதுவாக.

சக்தி வாய்ந்த மிஷின் வேண்டும், அவள் காதுக்கென்று அச்சு எடுத்துச் செய்ய வேண்டும், அதற்கு நாளாகும் என்றார். அங்கேயிருந்த ஒன்றை மாட்டிப் பார்த்தார். அச்சு பொருந்தாமல் கீச்சென்று அலறியது. ஆபரேஷனுக்கோ இரண்டே நாள். தள்ளிப்போடக் கேட்டேன். மூச்சே அடைத்துவிடும் என்று டாக்டர் மறுத்தார்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன் பெரியப்பாவைப் பேசச் சொல்லி என் போனில் பதிவு செய்தேன். என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியவில்லை. "வேளாவேளைக்குச் சாப்பிடு. கதவைப் பூட்டிட்டுப் படு. எனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் கரகரத்த தொண்டையில்.

பெரியப்பா பிழைத்து வீடு திரும்பினார், கழுத்தில் ஒரு துளையோடு. பெரியம்மாவின் மிஷினும் வந்தது. நன்றாகவே கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது, மாடி வீட்டுச் சண்டை கேட்டது. அவர் கட்டிலில் அவளும் உட்கார்ந்துகொண்டாள். நான் போனில் இருந்ததைப் போட்டேன்.

பெரியம்மா புருவத்தைச் சுருக்கிக் கடைசிவரை கேட்டாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"யாருங்க இது? எனக்கு எதுக்கு இவ்வளவு சொல்றாரு?"

பெரியப்பாவின் உதடு அசைந்தது.

"நான்தான்."